காடு முந்தி, கடல் பிந்தி

திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் வசிக்கும் நமக்கெல்லாம் சமுத்திரம் என்பது ஒரு மதிற்சுவர் மாதிரி. கிழக்கு நோக்கி நடந்தால் அது வரும். வந்ததும் திரும்பிவிட வேண்டும். காசிமேட்டு மீனவர்கள் அதைத் தாண்டிப் போய் வருகிறார்கள். எண்ணூருக்கு வரும் கப்பல்கள் அதற்கப்பால் இரவெல்லாம் விளக்கேற்றிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் பள்ளிக்கூட உபாத்தியாயர் குடும்பம் என்றால், மணலில் சுண்டல் தின்றுவிட்டுக் காலை நனைத்துக்கொண்டு வீடு திரும்புவதோடு அதன் சமுத்திர ஞானம் பூர்த்தியாகிவிடுகிறது.

அந்த ஜலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க இந்தக் கரையில் வசதியும் இல்லை. கலங்கிய தண்ணீர், இழுப்பு, ஓயாத கப்பல் போக்குவரத்து. போதாக்குறைக்கு 2017 ஜனவரியில் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியது. அந்தக் கரிக்குழம்பை ஜனங்கள் வாளி வாளியாக அள்ளியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் படர்ந்தது. கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துப்போய் நின்றன.

ஆகையால்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு சமுத்திரம் கேட்கிறார்கள். பதினாறு பிராயத்து மகனுக்கு முதுகில் காற்றுக் குப்பி மாட்டிக்கொண்டு பவளப் பாறைகளுக்கிடையே நீந்த வேண்டும். பதினொரு வயது மகளுக்கோ மீன்களில் சிரத்தையில்லை. வண்டலூரில் அகழிக்கு அப்பால் தூங்கும் சிங்கத்தைப் பார்த்து அலுத்துவிட்டதாம். சிங்கம் தன் ஊரில் என்ன செய்கிறதென்று பார்க்க வேண்டுமாம். இரண்டையும் ஒரே பிரயாணத்தில் முடிக்க இயலுமா? இயலும். ஆப்பிரிக்காவின் கீழைக் கரையில் காடும் பவளக் கடலும் அருகருகே இருக்கின்றன. அங்கே போய் வருகிற குடும்பங்கள் ஏராளம். ஐந்து வருஷச் சீட்டுப் பணத்தை நம்பி நாமும் விசாரணையில் இறங்கினோம்.

முதலில் பட்டணத்துப் பிரயாண ஏற்பாட்டாளர் ஒருவர் பளபளக்கும் காகிதத்தில் ஒரு திட்டத்தை அச்சிட்டுக் கொடுத்தார். ஸான்ஸிபார் தீவில் நான்கு நாள் கடலில் மூழ்குதல். நாலாம் நாள் காலையில் இரண்டு முறை மூழ்கி எழுந்து, பிற்பகலில் சிறு விமானம் ஏறித் தான்ஸானியாவின் உள்நாட்டுக்குப் பறந்து, அன்று இரவே ங்கோரோங்கோரோ எரிமலை வாயின் விளிம்பில் தங்குதல். அந்த விளிம்பு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,300 மீட்டர். படங்கள் வெகு அழகு. ஆனால் அந்தத் திட்டப்படி நடந்தால், நாலாம் நாள் இரவை வைத்தியசாலையில் கழிக்கும்படி நேரலாம்.

ஏன் என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயம் விளங்கிவிட்டால் பிரயாணத் திட்டம் முழுவதும் தானே வந்து உட்கார்ந்துவிடும்.

மூழ்குகிறவர் முதுகில் சுமப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல, நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். கரையில் நாம் சுவாசிக்கும் நைட்ரஜன் போன வழியே திரும்பி வந்துவிடுகிறது. ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்குவதற்கும் ஒரு வளிமண்டலத்தின் பாரம் நம் மேல் கூடுகிறது. அந்தப் பாரத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே போகிறது. கோலி சோடாவை நினைத்துப் பாருங்கள். கோலி அடைத்திருக்கும் வரையில் உள்ளே வாயு இருப்பதே தெரியாது. கட்டை விரலால் கோலியைத் தள்ளியதும் 'புஸ்' என்று பொங்குகிறது. அவசரமாக மேலே வருகிற மனிதனின் உடம்பிலும் அதே காரியம் நடக்கிறது. குமிழிகள் மூட்டுகளில் நின்றால் வலி. முதுகுத் தண்டில் நின்றால் கால் விளங்காமல் போவதும் உண்டு.

இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. 1908ல் அவரும் அவர் சகாக்களும் வெளியிட்ட அட்டவணைக்காகப் பல ஆடுகள் இரும்பு அறைக்குள் அடைபட்டுக் கால் நொண்டின. அந்த ஆடுகளின் புண்ணியத்தில்தான் இன்றைக்கு நம் பிள்ளைகள் பத்திரமாக மூழ்கி எழுகிறார்கள். நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்று வர வேண்டும் என்று கற்பிக்கிறார்கள்.

சரி, கரையேறியாயிற்றே, அப்புறம் என்ன? உள்ளே கரைந்த வாயு முழுவதும் உடனே போய்விடுவதில்லை. மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். நம் உதகமண்டலமே 2,240 மீட்டர்தான். கோலியை மறுபடி தள்ளியது போலாகிவிடும். ஒரு முறை மட்டும் மூழ்கினவர் 12 மணி நேரமாவது, பல முறை மூழ்கினவர் 18 மணி நேரமாவது விமானம் ஏறலாகாது என்பது மூழ்குவோரின் வைத்திய சங்கங்கள் சொல்லும் விதி. குழந்தைகளோடு போகிறவர்கள் 24 மணி என்று வைத்துக்கொள்வதே உசிதம். விமானத்துக்கு மட்டுமல்ல, மலை ஏறுவதற்கும் இது பொருந்தும்.

தூத்துக்குடியில் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக் குளித்தவர்களுக்கு இந்தக் கவலை இருந்திருக்காது. அவர்கள் ஒரே மூச்சில் போய் ஒரே மூச்சில் வந்தார்கள். அடியில் இருந்துகொண்டே மூச்சு விடும் சௌகரியத்தைக் கூஸ்தோவும் கான்யானும் 1943ல் கண்டுபிடித்த பிறகுதான் சாமானிய ஜனங்களும் இதற்குக் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆகவே காடு முந்தி, கடல் பிந்தி. உயரமான இடங்கள் முதலில், தாழ்ந்தவை பிறகு, கடலடி கடைசியில். பிரயாணம் முழுவதும் மாடிப்படியில் இறங்குகிற மாதிரி அமைய வேண்டும். தான்ஸானியாவுக்கே போக விரும்புகிறவர்கள் அந்தப் பளபளப்பான திட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டால் போதும். கென்யாவுக்குப் போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் திரும்பி வருகிறவர்களை நம் சர்க்கார் தனியே காவலில் வைத்துவிடலாம். அந்த ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், நம் இராயபுரத்துக்குப் பக்கத்தில் ராஜாஜி சாலையிலுள்ள துறைமுகச் சுகாதார நிலையத்திலும் போடுகிறார்கள். பிரயாணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டாக வேண்டும். ஒரு தரம் போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும் என்று 2016ல் விதி மாறியிருக்கிறது.

நாம் கடைசியில் தேர்ந்தெடுத்தது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையை. இப்போது அந்த மாகாணத்தின் பெயர் குவாஸூலு-நேட்டால். வரைபடத்தை மேஜை மேல் விரித்துப் பார்த்தால் காரணம் தெரியும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து டர்பனுக்கு இறங்கும் வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், சுமார் 600 மீட்டர். டர்பனுக்கு வடக்கே மூன்று மணி நேர மோட்டார்ப் பிரயாணத்தில் காடு. அதற்கும் வடக்கே, காட்டிலிருந்து சில மணி நேரத்தில், பவளக் கடல். படிகள் தாமாகவே இறங்கிக்கொண்டு போகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் நம் பட்டணத்துக் கரையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16ந் தேதி டர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் அது. அப்போது சென்னையில் துறைமுகம் ஏது? அந்த வேலை தொடங்கினதே 1870களில்தான். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஜனங்கள் அலைகளைத் தாண்டிக் கப்பலுக்குப் போனார்கள். 1911 வரையில் இப்படி நேட்டாலுக்குச் சென்றவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறினவர்கள். கப்பல் ஜாபிதாக்களில் ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரையில் எழுதி வைத்தார்கள். அவை இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. சரித்திரம் கற்பிக்கும் நமக்கு, சிங்கத்தைக் காட்டிலும் அந்த ஜாபிதாக்களின் மேல்தான் ஆசை என்பதை ஒளிப்பானேன்?

அடுத்த கோடை விடுமுறைக்கு நாம் வகுத்திருக்கும் வழி இது. வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி ஜோகன்னஸ்பர்க்கில் இறங்குவது. அங்கே பிராம்ஃபான்டைன் இடுகாட்டில் தில்லையாடி வள்ளியம்மையின் சமாதி இருக்கிறது. சிறை சென்று நோயோடு வெளிவந்து 1914 பிப்ரவரி 22ந் தேதி இறந்தபோது அவளுக்கு வயது பதினாறு. நம் மகன் வயது. மறுநாள் மலையிறங்கிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையம். 1893 ஜூன் 7ந் தேதி இரவு காந்தியடிகளை முதல் வகுப்பு வண்டியிலிருந்து இறக்கிவிட்ட மேடை அதுதான். அவர் டர்பனிலிருந்து மேலே ஏறிப் போனார்; நாம் மேலிருந்து இறங்கி வருகிறோம். இந்த இரண்டு ஊர்களையும் கடலுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் உயரத்துக்குப் பயந்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும். முதலிலேயே வைத்தால் கவலையில்லை.

காட்டின் பெயர் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி. ஸூலு மொழிக்காரர் உச்சரிக்கிறபடி உச்சரிக்க நம் நாக்கு வளையாது; நமது ழகரத்தோடு பிறர் படும் பாட்டுக்கு இது பழிவாங்கல் போலும். 1895ல் ஏற்பட்ட பாதுகாப்புக் காடு. 960 சதுர கிலோமீட்டர். சிங்கம், யானை, காட்டெருமை, சிறுத்தை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை எல்லாம் உண்டு. வாடகை மோட்டாரை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். நம் நாட்டைப் போல் சாலையின் இடப்பக்கத்தில்தான் ஓட்டுகிறார்கள். வண்டியை விட்டு இறங்க மட்டும் அநுமதியில்லை. விடிந்ததும் புறப்பட்டால்தான் மிருகங்கள் கண்ணில் படும் என்கிறார்கள். இதில் நமக்கு ஓர் அநுகூலம்: அந்நாட்டுக் கடிகாரம் நம்முடையதற்கு மூன்றரை மணி பின்தங்கியது. அங்கே காலை ஆறு மணி என்றால் நம் உடம்புக்கு ஒன்பதரை. பள்ளிக்கூட நாட்களில் எழுப்பினாலும் எழாத நம் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் தாமாகவே இருட்டில் எழுந்து உட்காரப் போகிறார்கள். காட்டை முதலில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காண்டாமிருகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னகத்து வெள்ளைக் காண்டாமிருகம் உலகத்தில் இந்த மூலையில் மட்டுமே, நூற்றுக்கும் குறைவாக, மிஞ்சியிருந்தது. அதைக் காத்துப் பெருக்கி, 1960களில் இயன் பிளேயர் என்பவரின் முயற்சியால் மற்றக் காடுகளுக்கும் அயல் நாடுகளுக்கும் அனுப்பினார்கள். இன்றைக்கு உலகில் இருப்பவை அந்தச் சிறு கூட்டத்தின் வம்சமே. அப்படிக் காத்த இடத்திலேயே கொள்ளை நடக்கிறது. 2023ல் தென்னாப்பிரிக்கா முழுவதும் திருட்டு வேட்டையில் மாண்டவை 499. அவற்றில் 307 இந்த ஒரு காட்டில். கொம்புக்காகக் கொல்லுகிறார்கள். அந்தக் கொம்போ நம் நகத்தைப் போன்ற வஸ்து. நோய் தீர்க்கும் என்பதெல்லாம் கட்டுக்கதை. வேறு வழியின்றி 2024ல் காட்டு அதிகாரிகளே மிருகங்களை மயக்கிக் கொம்பை அறுத்துவிடத் தொடங்கினார்கள். ஆகையால் கொம்பில்லாத காண்டாமிருகத்தைத்தான் நம் மகள் பார்க்கப் போகிறாள். புத்தகத்துப் படம் போலிருக்காது என்று முன்னதாகவே சொல்லி வைத்திருக்கிறோம். "மறுபடி முளைக்குமா?" என்று கேட்டாள். முளைக்கும், முளைத்தால் மறுபடியும் அறுப்பார்கள்.

மூன்று இரவு காட்டில் தங்க ஏற்பாடு. சமையலறையோடு கூடிய குடில்கள் கிடைக்கின்றன. நம்மோடு வரும் பாட்டியம்மாள் வெளிச் சாப்பாடு தொடுவதில்லை. டர்பன் இந்தியர் கடைகளில் அரிசி, பருப்பு, புளி, கடுகு வரையில் கிடைக்கும் என்பதால் அந்தப் பிரச்னை தீர்ந்தது. ரஸம் கொதிக்கிற வாசனைக்கு எந்த மிருகம் வந்து எட்டிப் பார்க்குமோ, அது அம்மாளின் பாடு.

அடுத்தது ஸோட்வானா விரிகுடா. 1999ல் உலகப் பாரம்பரிய ஸ்தலமாக ஏற்கப்பட்ட இஸிமாங்கலிஸோ பூங்காவைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் தெற்குக் கோடியிலுள்ள பவளப் பாறைகள் இங்கே இருக்கின்றன. படகு இறங்கும் இடத்திலிருந்து உள்ள தூரமே பாறைகளுக்குப் பெயர்: இரண்டு மைல், ஐந்து மைல், ஏழு மைல், ஒன்பது மைல். துறையோ மேடையோ இல்லை. ரப்பர்ப் படகை மணலிலிருந்து தள்ளி, அலைகளின் இடைவெளி பார்த்துப் பாய்ந்து போகிறார்கள். இதைப் படித்தபோது நமக்குக் கட்டுமரந்தான் ஞாபகம் வந்தது. பட்டணத்துக் கரையில் 1860ல் கப்பலேறினவர்களும் இப்படித்தான் அலையைத் தாண்டினார்கள். அவர்களுக்கு மட்டும் திரும்பி வருகிற தேதி குறித்த டிக்கட் இல்லை.

நவம்பர் முதல் ஜனவரி வரையில் பெருந்தலை ஆமையும் ஏழுவரி ஆமையும் அந்த மணலில் ஏறி முட்டையிடுகின்றன. 1963 முதல் அவற்றை எண்ணிக் காத்து வருகிறார்கள். நம் கரையில் பங்குனி ஆமைகளுக்காக இரவில் நடந்து முட்டைகளைச் சேகரிக்கும் மாணவர் கூட்டம் 1988 முதல் வேலை செய்கிறது. ஆனாலும் 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. மே மாதத்தில் போகிற நமக்கு ஸோட்வானாவில் ஆமை முட்டை பார்க்கும் பாக்கியம் இல்லை. ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கும். காட்டிலும் புல் காய்ந்து மிருகங்கள் வெளித் தெரியும். சுற்றுலாக் கூட்டம் குறைவு. நம் பள்ளி விடுமுறையும் அதுவே.

சுறா உண்டா என்று பாட்டியம்மாள் கேட்டார். உண்டு. பெரும்பாலானவை மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'களுக்குத் தனிப் பங்கு உண்டு. அந்த உத்தியோகஸ்தர் ஒருவரையும் கூட்டிப் போகலாமே என்பது அம்மாளின் யோசனை.

கடைசி மூழ்கலை மூன்றாம் நாள் பகலோடு நிறுத்திவிட்டு, மறுநாள் கடலோரமாக டர்பனுக்குத் திரும்புவது. அதற்கு அடுத்த நாள்தான் விமானம். வாயு வெளியேறுவதற்காகக் கட்டாயமாகக் காத்திருக்கும் அந்தப் பொழுதை நாம் வீண் என்று எண்ணவில்லை. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கும் ஊர். பக்கத்தில் காந்தியடிகள் 1904ல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு. 1985 கலகத்தில் எரிந்து பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது. மவுண்ட் எட்ஜ்கூமில், கரும்புத் தோட்டத்து ஜனங்களுக்காக 1898ல் எழுந்த பிள்ளையார் கோயில். பல் உடைந்து இரத்தம் வழியத் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி 1894ல் காந்தியடிகளிடம் வந்து நின்றதும் இந்த ஊரில்தான். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை நிரப்பி விற்கும் 'பன்னி சௌ' டர்பன் இந்தியரின் பட்சணம். அவரைப் பருப்பு வைத்தும் செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதையும் வாக்களித்திருக்கிறோம்.

இனி ஆயத்தங்கள். மூழ்கக் கற்றுக்கொள்வதை அங்கே போய் வைத்துக்கொள்ளலாகாது. இருக்கிற மூன்று நாளில் இரண்டு நாள் பாடத்திலேயே போய்விடும். புதுச்சேரியிலும் அந்தமானிலும் கற்பிக்கிறார்கள். பத்து வயது நிரம்பியவர் சேரலாம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு 12 மீட்டர் ஆழந்தான் எல்லை, பெரியவர்களுக்கு முதற்பாடத்தில் 18. நீச்சல் தெரிய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் காதில் சீழ் கண்டவர்களும் வைத்தியரின் சம்மதமின்றி இறங்கக்கூடாது. ஜலதோஷம் இருந்தாலும் அன்றைக்கு லீவுதான். மூக்கடைத்திருந்தால் காதில் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழியும். ஏறும்போது மூச்சை அடக்கவே கூடாது என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி பிள்ளைகளுக்கு நெட்டுருப் போட வைத்திருக்கிறோம்.

அந்தக் கரையின் வடபாகத்தில் மலேரியா அபாயம் கொஞ்சம் உண்டு. மாத்திரை எழுதிக் கொடுக்கும் வைத்தியரிடம் கடலில் மூழ்கப் போவதையும் சொல்லிவிட வேண்டும். மெஃப்ளோகுவின் என்ற மருந்து தலைச்சுற்றலும் மனக்கலக்கமும் உண்டாக்கக்கூடியது, மூழ்குவோருக்கு ஆகாது. சாதாரணப் பிரயாண இன்ஷ்யூரன்ஸ் பலவற்றில் மூழ்கும் விபத்துக்கு ஈடு கிடையாது. சிறு எழுத்துக்களைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிட வேண்டும்.

ஆப்பிரிக்கா வரையில் போக இயலாத அன்பர்களுக்கு நம் ராஜ்யத்திலேயே காடும் கடலும் இருக்கின்றன. முதுமலைக் காடு 1940 முதல் சரணாலயம். புதுச்சேரியிலிருந்து படகில் சென்றால் மூழ்கும் இடங்கள். இங்கும் அதே விதி: உதகை, முதுமலை முதலில், புதுச்சேரி பிறகு. மாற்றிச் செய்து, பிற்பகலில் மூழ்கிவிட்டு அன்றிரவே கொடைக்கானலுக்கோ உதகைக்கோ மோட்டார் ஏறினால், ஸான்ஸிபார் திட்டத்தில் இருந்த அபாயம் நம் மலைப்பாதையிலும் காத்திருக்கும். நடுவில் ஒரு முழு நாளாவது சமவெளியில் தங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்த வருஷத்துக்கு அந்தச் சிறிய பிரயாணமே ஒத்திகை. முதுமலைக்கு ஐந்து பேர். அங்கிருந்து நேரே புதுச்சேரி. பாடத்துக்கு மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். மகளின் காதைப் பரீட்சித்த வைத்தியர், ஜலதோஷம் தெளிந்த பிறகு மறுபடி அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்.